புகை வருதா, மேடம்?

வாஷிங் மெஷின் ரிப்பேர் என்று அதை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தால் மெக்கானிக் வர ஒன்பது நாள் ஆகும். தண்ணீர் இறங்கவில்லையா, ஒன்பது நாள். டிரம் சுற்றவில்லையா, ஒன்பது நாள். நாளைக்கு இண்டர்வியூவுக்குப் போட வேண்டிய சட்டை உள்ளே மாட்டிக்கொண்டு கதவு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று மூக்கால் அழுதாலும் அதே ஒன்பது நாள்தான். ஆனால் 'புகை வருகிறது' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். மறுநாளே ஆள் பெட்டியோடு வாசலில் நிற்பான். கம்பெனி விதி அது.

இந்த ரகசியம் போன் செய்கிறவர்களுக்குத் தெரியாது, எடுக்கிறவர்களுக்குத் தெரியும். எடுக்கிற பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் வாயைத் திறக்க மாட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் நம்ம புகார் அக்கா. பத்தொன்பது வருஷமாகப் புகார் பிரிவில் குப்பை கொட்டுகிறவள் என்பதால் ஆபீஸில் வைத்த பெயர் அது. போகிற இடமெல்லாம் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

கைக்குழந்தைக்காரி, வயதானவர், குரல் உடைகிறவர் என்று யாராவது அகப்பட்டால் அக்கா ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு குரலைத் தாழ்த்துவாள். "மேடம், புகை கிகை ஏதாவது வந்துச்சா? அவசரமே இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சிலர் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள். "சேச்சே, புகையெல்லாம் இல்லீங்க" என்பார்கள். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "லேசா? நூல் மாதிரி? வந்த மாதிரி ஒரு நெனப்பு?" அப்போதுதான் அந்தப் பக்கம் பல்பு எரியும். "ஆமாமா, இப்ப நெனச்சுப் பாத்தா வந்துச்சுதான்!" உலகத்தில் எங்கும் இல்லாத அதிசயமாக இந்த ஒரு ஊரில் மட்டும் ஏன் இத்தனை மெஷின் புகைகிறது என்று மேனேஜர் மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஊருக்கெல்லாம் ஆள் அனுப்பி வைத்த அந்த அக்காவுக்கு, தனக்கு ஒரு ஆள் வேண்டும் என்று வந்தபோது என்ன ஆயிற்று என்பதுதான் கதை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி காலை ஏழேமுக்கால் மணிக்கு ஆஸ்பத்திரி கீழ்த்தளத்தில் டயாலிசிஸ். ஆறாம் நம்பர் நாற்காலி. வலது கையில் இரண்டு தடித்த ஊசி. நாலு மணி நேரம் இரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். ஏழாம் நம்பரில் டிரைவர் அண்ணன், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு தடவையும், "வண்டி கெளம்பிருச்சு, படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்பார். முதல் வருஷம் அக்கா சிரித்தாள். இரண்டாவது வருஷம் மரியாதைக்குச் சிரித்தாள். இப்போது உதட்டை இழுப்பதற்கே தெம்பு இல்லை.

வீட்டுக்காரர் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். நல்ல மனுஷன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே ஒரு பாட்டிலை எடுத்துக் காலை, மதியம், சாயங்காலம் என்று நீல பெயிண்டில் மூன்று கோடு போட்டு வைத்தார். தினமும் ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் அதை அளந்து நிரப்பி வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். அவள் தாகத்தோடு இருக்கும்போது தான் மட்டும் குடிக்கக் கூசி, சமையலறைக்குப் போய்த் திரும்பி நின்று குடிப்பார். அது அக்காவுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது அக்காவுக்கு ஒரு நினைப்பு வந்தது. இன்றைக்குப் போகாமல் இருந்தால் என்ன? சும்மா அப்படியே இருந்துவிட்டால்?

அந்த நினைப்பு பயமாக வரவில்லை, அதுதான் பயம். வெயிலில் அலைந்து வந்தவனுக்கு யாரோ நாற்காலி இழுத்துப் போட்ட மாதிரி வந்தது. போகாமல் இருப்பது என்றால் உயிரை விடுவது என்று டயாலிசிஸ்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். அக்கா அடித்துப் பிடித்து பஸ் ஏறிவிட்டாள். ஆனால் மறுநாளும் அது வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் ஒரு நாள் நிஜமாகவே போகாமல் இருந்துவிடுவோம் என்று அவள் பயந்தாள்.

சிறுநீரக டாக்டரிடம் சொன்னாள். எப்படிச் சொன்னாள்? "மனசு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்றாள். பாவம், அதற்கு மேல் வாய் வரவில்லை.

"இந்த வியாதில எல்லாருக்கும் வர்றதுதாம்மா. மேல மனநலப் பிரிவுல காட்டுங்க" என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மேல் என்றால் ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி, நாற்பத்திரண்டு படி. நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கி அக்கா ஏறிப் போனாள். கவுண்டரில் இருந்த தம்பி சொன்னான், டாக்டர் பார்ப்பது செவ்வாய், வியாழன், காலை எட்டிலிருந்து பன்னிரண்டு.

"அந்த நேரத்துல நான் கீழ டயாலிசிஸ்ல இருப்பேனே தம்பி."

"டயாலிசிஸ் நேரத்த மாத்திக்குங்க அக்கா."

கீழே வந்து நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டால், "விளையாடுறியா? மத்த நாள்ல ஒரு நாற்காலி காலி இல்ல. அவங்க நேரத்த மாத்திக்கச் சொல்லு" என்றார். கேட்டீர்களா கதையை! மேலே இருப்பவர்கள் கீழே இறங்க மாட்டார்கள், கீழே இருப்பவர்கள் மேலே கேட்க மாட்டார்கள், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பவளைப் பந்தாடுவார்கள். அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லை. இந்த ஆட்டத்தைப் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர்களுக்கு ஆடிக் காட்டியவள் ஆயிற்றே.

கடைசியில் ஒரு வழி சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பரிசோதனை அதிகாரி இருப்பார். ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒன்பது கேள்வி. பத்து மதிப்பெண்ணுக்கு மேல் வந்தால் டாக்டர் தனியாக நேரம் ஒதுக்கிப் பார்ப்பார்.

வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தார். முந்தைய நாள் ஊசி குத்திய கை வீங்கி அக்காவால் பேனா பிடிக்க முடியவில்லை. "குடு, நான் எழுதறேன்" என்று அவர் படிவத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். தூக்கம் வராமல் போகிறதா? பசி இல்லாமல் போகிறதா? அசதியா? எதிலும் கவனம் நிற்காமல் போகிறதா? அக்கா சொல்லச் சொல்ல 'தினமும்', 'தினமும்' என்று டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் அவர் குரல் கொஞ்சம் வேகம் எடுத்தது.

"செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்னு எப்பவாவது தோணுதா... அட, இதெல்லாம் என்ன கேள்வி! உனக்கென்ன தலையெழுத்தா? இல்லன்னு போட்றட்டா?"

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்தார். நகக் கண்ணில் வெள்ளை பெயிண்ட். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் ஆமாம் என்று சொல்ல முடியும்? கல் நெஞ்சுக்காரியாலும் முடியாது.

"போடுங்க" என்றாள் அக்கா.

பரிசோதனை அதிகாரி படிவத்தைக் கூட்டிப் பார்த்தார். பதினெட்டு. பிறகு சீட்டில் இருந்த வியாதியைப் படித்துவிட்டு ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார்.

"தூக்கமில்ல, இது கிட்னியால வர்றது." ஒரு கோடு. "பசியில்ல, கிட்னி." இன்னொரு கோடு. "அசதி, அதுவும் கிட்னி. நடை மெதுவா இருக்கறது, கவனமில்லாதது, எல்லாமே அதுதான்." எல்லாவற்றையும் அடித்துத் தள்ளிவிட்டு மறுபடி கூட்டினார். ஐந்து. "அஞ்சுதாம்மா வருது. மொதல்ல கிட்னிய கட்டுக்குள்ள கொண்டு வாங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

வயிற்றெரிச்சலாக இருக்கிறது சொல்வதற்கே. சிறுநீரகத்தால் வருவதை எல்லாம் கழித்துவிட்டால் அப்புறம் அக்கா என்று மிச்சம் இருப்பது என்ன? படிகளில் இறங்கும்போது வீட்டுக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உற்சாகமாக வந்தார். "பாத்தியா? ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. நான்கூட பயந்துட்டேன்." நாலு வருஷத்தில் அவர் அவ்வளவு நிம்மதியாக நடந்து அக்கா பார்த்ததில்லை. அந்த நிம்மதியை எந்தக் கையால் பிடுங்குவது?

அடுத்த வியாழக்கிழமை அக்கா ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கவில்லை.

பஸ் கடைசியாக நிற்கிற இடம் வரைக்கும் போய், பஸ் நிலையத்தில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தாள். வார்டிலிருந்து போன் வந்தது. "வெளியூர்ல இருக்கேன் சிஸ்டர்" என்றாள். நாலு மணி நேரம் வருகிற பஸ்ஸையும் போகிற பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருந்துக் கடையில் பிளாஸ்திரி வாங்கி, வழக்கமாக ஊசி குத்துகிற இரண்டு இடத்திலும் ஒழுங்காக ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கம்போல அந்தப் பிளாஸ்திரிக்கு மேலே இரண்டு விரலை மெதுவாக வைத்து, "இன்னைக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சனிக்கிழமை மூச்சு முட்டியது, கால் தூண் மாதிரி வீங்கியது. உடம்பு பயந்துபோய் அவளை இழுத்துக்கொண்டு போய் ஆறாம் நம்பரில் உட்கார வைத்தது. எடை நாலரைக் கிலோ ஏறியிருந்தது. சிஸ்டர் பிடி பிடி என்று பிடித்தார். "எத்தன தடவ சொல்றது? தண்ணி குடம் குடமா குடிச்சியா? வெளியூர்ல என்ன அப்படி வேல?" நோட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதினார். ஏன் வரவில்லை என்பதை அதட்டிக் கேட்க ஆள் இருந்தது. அதையே மெதுவாகக் கேட்க ஒரு ஆள் இல்லை. டிரைவர் அண்ணன் மட்டும் அன்றைக்கு 'வண்டி கெளம்பிருச்சு' சொல்லவில்லை. "வியாழக்கிழம பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சும்மா. எனக்கு என்னவோ போல ஆயிருச்சு" என்றார்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் எழுந்து போனதும் அக்கா மனநலப் பிரிவுக்குப் போன் போட்டாள். நாளைக்குச் செவ்வாய். நாளைக்கு எந்த ஸ்டாப்பில் இறங்குவோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம், அவ்வளவுதான்.

கவுண்டர் தம்பிதான் எடுத்தான். பெயரைக் கேட்டுப் படிவத்தைத் தேடி எடுத்தான். "அஞ்சு மார்க்குதான் அக்கா இருக்கு. மூணு மாசம் கழிச்சுதான் பாக்க முடியும்."

"சரி தம்பி."

"வேற ஏதாவது உதவி வேணுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியை அவள் ஒரு நாளைக்கு எண்பது தடவை கேட்கிறாள். இந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதுதான் பதில், அதோடு லைன் முடியும். "வேண்டாம்பா" என்று ஹெட்செட்டைக் கழற்றப் போனாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்." தம்பியின் குரல் தாழ்ந்தது. "இந்த ஒம்போதாவது கேள்விக்கு இல்லன்னு போட்டிருக்கு. அது சரிதானா? அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அக்கா ஹெட்செட்டை மறுபடி காதில் அழுத்திக்கொண்டாள். இது அவள் குரல். வார்த்தைக்கு வார்த்தை அவளுடைய வார்த்தை. அந்தக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு புகார் தம்பி உட்கார்ந்திருக்கிறான். அந்தப் பிள்ளை அவளுக்கு ஒரு பொய்யை எடுத்துக் கொடுக்கிறான், இவளும் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடட்டுமே என்று. எத்தனை பேரை இவள் அப்படி நுழைத்துவிட்டிருக்கிறாள்! ஒருவர் வீட்டிலும் புகை வந்ததில்லை.

"தம்பி" என்றாள். "நீ எனக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சுக் கேக்கற. எனக்குத் தெரியும், நானும் இப்படித்தான் கேப்பேன். ஆனா எனக்குப் பொய் தேவையில்லப்பா. அது உண்மை. தினமும் தோணுது. போன வியாழக்கிழம வேணும்னேதான் டயாலிசிஸுக்குப் போகல. நாளைக்குப் போவேனான்னு எனக்கே தெரியல."

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகர்கிற ஓசை கேட்டது.

"அக்கா, லைன வைக்காதீங்க. டாக்டர் உள்ள வார்டுல இருக்காங்க, நான் போய்க் கேட்டுட்டு வரேன். வைக்க மாட்டீங்கதானே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாப்பா."

பாட்டு கீட்டு எதுவும் ஓடவில்லை. யாரோ நடக்கிற ஓசை, கதவு, மறுபடி நடக்கிற ஓசை. தம்பி மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "அக்கா, ஒம்போதாவதுக்கு ஆமான்னா கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. டாக்டரே நோயாளி இருக்கற எடத்துக்குப் போகணும், அதான் விதி. யாரும் கேக்கறதில்ல, அதனால யாரும் சொல்றதில்ல. நாளைக்கு நீங்க உங்க நாற்காலிக்கு மட்டும் வாங்க போதும், அவங்க கீழ வருவாங்க. இன்னைக்கு வீட்ல தனியா இருப்பீங்களா?"

"இல்ல, அவர் இருப்பார்."

"படிவத்துல எழுதினவர்னு அவர் பேர்தானே இருக்கு?" தம்பி தயங்கினான். "எழுதினவங்கதான் திருத்திக் கையெழுத்து போடணும் அக்கா. காலைல ஏழரைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க. நான் படிவத்தோட கீழ வந்து நிக்கறேன்."

போச்சுடா. உலகத்தில் யாருக்குத் தெரியக் கூடாது என்று அக்கா பிளாஸ்திரி வாங்கி ஒட்டினாளோ அவரிடமே வந்து நின்றது.

அன்று சாயங்காலம், "நாளைக்கு லீவு போட்டுட்டு என்கூட வாங்க. ஒரு கையெழுத்து வேணும்" என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. பாட்டிலில் நீலக் கோடு அழிந்திருக்கிறது என்று சொல்லிப் புதிதாகப் போட உட்கார்ந்துவிட்டார். பக்கத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

காலை ஏழரைக்கு டயாலிசிஸ் வார்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். படிவத்தையும் பேனாவையும் நீட்டினான். "ஒம்போதாவது மட்டும் மறுபடி கேட்டு எழுதணும் சார். மெதுவா."

வீட்டுக்காரர் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார். பிறகு ஒன்பதாவது கேள்வியைப் பார்த்தார். அன்றைக்கு ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளியதை இன்று எழுத்துக் கூட்டுகிற மாதிரி வாசித்தார்.

"செத்துப்போயிட்டா... நல்லா இருக்கும்னு... எப்பவாவது தோணுதா?"

இந்தத் தடவை அவர் பேனாவைத் தூக்கிப் பிடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தார். தன் முகம் குறுக்கே நின்றுவிடக் கூடாது என்று அந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது.

"தோணுது" என்றாள் அக்கா. "தினமும் தோணுது. வியாழக்கிழம நான் இங்க வரலங்க. அந்தப் பிளாஸ்திரிக்கு அடில ஒண்ணுமே இல்ல."

அவர் 'தினமும்' என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டார். முதல் எழுத்து கோணலாக விழுந்தது. தம்பி படிவத்தை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஓடினான்.

"அன்னைக்கு நான் வெளிய நின்னுருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

"இல்லங்க. நீங்க பக்கத்துல இருந்ததாலதான் அன்னைக்கு இல்லன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அதும் பொய் இல்ல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்கு நான் இங்கயே உக்காந்திருப்பேன். நீ உள்ள போய்ப் பேசு. எனக்குக் கேக்காத தூரத்துல உக்காந்துக்கறேன்."

எட்டேகால் மணிக்கு மனநல டாக்டர் அந்த நாற்பத்திரண்டு படிகளையும் இறங்கி வந்தார். சின்ன வயசுப் பெண். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு ஆறாம் நம்பர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழாம் நம்பரில் டிரைவர் அண்ணன் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, "எனக்குக் காது கேக்காதும்மா, நீங்க தாராளமா பேசுங்க" என்றார். ஃபேன் சத்தத்தில் தலைவலிக்கிறது என்று சனிக்கிழமை சண்டை போட்ட அதே அண்ணன்தான்.

"ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"மூணு மணி நேரம் வந்தா பெருசு." அக்காவுக்குச் சட்டென்று சிவப்புப் பென்சில் ஞாபகம் வந்தது. "ஆனா அது கிட்னியால வர்றது டாக்டர். அத நீங்க கணக்குல எடுக்க வேண்டாம்."

டாக்டர் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார். அந்தக் கோடுகளை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு அதைத் திருப்பி வைத்தார்.

"எதனால வந்தா என்னங்க? தூங்காம கெடக்கறது நீங்கதானே?"

அக்காவுக்கு நாலு வருஷமாக எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்த அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது, மறு கையால் துடைத்து மாளவில்லை. டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அக்கா பேச ஆரம்பித்தாள். பஸ் ஸ்டாப்பில் அந்த நினைப்பு வந்த நாளைச் சொன்னாள். சிமெண்ட் பெஞ்சைச் சொன்னாள். சமையலறையில் திரும்பி நின்று தண்ணீர் குடிக்கிற மனுஷனைச் சொன்னாள்.

சொல்லிக்கொண்டே இயந்திரத்தை ஒரு தடவை பார்த்தாள். இன்னும் மூன்று மணி இருபது நிமிஷம் என்று காட்டியது. எப்போதடா முடியும் என்று நாலு வருஷமாக அவள் முறைத்த கடிகாரம் அது. இத்தனையும் சொல்லி முடிக்க அந்த நேரம் போதுமா என்று அன்றைக்குத்தான் அவளுக்குக் கவலையாக இருந்தது.